இடது குதிகால்

என் கணவர் ஹோசியாவின் ஷூக்களைக் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் எங்கள் சபைப் போதகர். ஆடப் பழகும் ஏழைப் பையன் யாருக்காவது கொடுக்கலாமே என்றார். இன்னொருவர் ஏதோ அருங்காட்சியகத்திலிருந்து வந்தவர். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம். இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஷூக்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. இடது குதிகாலில் அடித்த உலோகத் தகடு மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும்.

ஹோசியாவை அடக்கம் செய்த மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி போட்டிருந்தார்கள். பெயர், வயது, ஊர் எல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும், 'சில திரைப்படங்களில் சிறு வேடங்களில் தோன்றியவர்' என்று இருந்தது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதியவருக்கு விவரம் தெரியாது. எனக்குத் தெரியும். அன்று நான் அங்கே இருந்தேன், கையில் துடைப்பத்தோடு.

நானும் ஹோசியாவும் ஹாலிவுட் பக்கம், கறுப்பர்கள் வாழ்ந்த சென்ட்ரல் அவென்யூவின் கிளப்புகளில் ஜோடியாக ஆடியவர்கள். உலோகத் தகடு அடித்த ஷூக்களால் மரத்தரையைத் தட்டித் தட்டிப் பேசும் ஆட்டம். என் முழங்கால் கெட்ட பிறகு, நான் ஒரு ஸ்டுடியோவில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். ஹோசியா தனியாக ஆடினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் அவருக்கு ஒரு படத்தில் இடம் கிடைத்தது. கிளப் காட்சி. கதாநாயகனும் கதாநாயகியும் மேசையில் உட்கார்ந்து பார்க்க, ஹோசியா ஒன்றரை நிமிடம் ஆடுகிறார். லூயிசியானாவில், டெல்மோர் என்ற சிற்றூரில் இருந்த தன் அம்மாவுக்கு உடனே கடிதம் போட்டார்.

என் மாமியார் அதுவரை சினிமாக் கொட்டகைப் படியேறாதவர். சபையில் போதகரிடம் கேட்டு, பாவமில்லை என்று தெரிந்துகொண்டு, ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கறுப்பர்களுக்கான மாடியில், பலகை பெஞ்சில், படம் முடியும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் ஹோசியா வரவில்லை. மறுநாளும் போயிருக்கிறார். அன்றும் வரவில்லை.

மாமியார் எழுதிய கடிதம் சின்னது. 'மகனே, என்கிட்ட பொய் சொல்லணும்னு ஒண்ணும் இல்லை. அங்கே தரை துடைக்கிறேன்னா, தரை துடைக்கிறேன்னே எழுது. அது ஒண்ணும் கேவலம் இல்லை. பொய்தான் கேவலம்.'

தரை துடைத்தது நான். அதனால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. படத்தை வெட்டி ஒட்டும் அறைகளைக் கூட்டுவது என் வேலை. அங்கே மிசஸ் ஃபே என்றொரு வயதான ஐரிஷ்காரி, கழுத்தில் வெள்ளை நூல் கையுறையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாள் முழுக்கக் கத்தரியோடு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் கேட்டேன்.

"தெற்கு மாநிலங்களுக்குப் போற பிரதிகள்லயா? கறுப்பர் ஆடறது இருந்தா அங்கே கொட்டகைக்காரங்க ஓட்ட மாட்டாங்க. எடுத்தாச்சு. நான்தான் எடுத்தேன்," என்றாள். சங்கடம் எதுவும் இல்லை. "அதுக்குத் தோதாத்தான் எழுதியே அனுப்பறாங்க, டெல்லா. ஹீரோ உக்காந்து பாக்கறான். உன் ஆள் ஆடறான். ஹீரோ கை தட்டறான். உக்காந்ததையும் கை தட்டினதையும் ஒட்டிட்டா முடிஞ்சுது. ரெண்டே வெட்டு. யாருக்கும் தெரியாது."

"அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சுதே."

மிசஸ் ஃபே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். 

ஹோசியா அந்தக் கடிதத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. பெட்டியிலும் வைக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மடிப்பில் காகிதம் கிழியும் அளவுக்கு.

இரண்டு வருடம் கழித்து, அதே ஸ்டுடியோவில் ஒரு பெரிய இசைப்படத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். கதாநாயகன் டெட் லாரிமர். இருபத்தாறு வயது, நல்ல குரல், நல்ல பல்வரிசை, ஆட்டம் மட்டும் வராது. அவனுக்குக் கற்றுக்கொடுக்க ஹோசியாவைக் கூப்பிட்டார்கள். ரயில் நிலையத்தில் அவன் ஆடும் பாட்டு ஒன்று. அதில் ஷூவுக்குப் பாலிஷ் போடும் ஆள் ஒருவன் கொஞ்ச நேரம் ஆடுவதாகவும் யோசனை. நடிகர் தேர்வுக்குப் பொறுப்பு மிஸ்டர் க்ரீவ். அவர் அறைக்கு வெளியே நடைவழியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டியதையே திரும்பவும் கூட்டினேன்.

"ஹோசியா, உனக்கு அதிர்ஷ்டம்," என்றார் க்ரீவ். "பையனுக்குச் சொல்லிக் கொடு. அந்தப் பாலிஷ்காரன் வேஷத்தையும் நீயே எடுத்துக்க. ஒரு நிமிஷம் தனியா ஆடு. நீ ஆடறப்போ வேற யாரும் உள்ள வர மாட்டாங்க. உனக்கே உனக்குன்னு ஒரு நிமிஷம்!"

"வேற யாராவது உள்ள வரட்டும் சார்."

"எதுக்கு?"

"அப்பதான் எங்க அம்மா ஊரு டெல்மோர்ல வெட்ட முடியாது."

க்ரீவ் சிரித்தார். "டெல்மோர்ல கொட்டகை வச்சிருக்கறவன் எனக்கு மாமனா, மச்சானா? அவன் கேக்கறதை நான் கொடுக்கறேன். என் இஷ்டமா இது? ஹாலிவுட் முழுக்க அப்படித்தான். உன் ஒருத்தனுக்காக மாத்திடுவாங்களா?"

"வேண்டாம் சார். அப்ப அந்த வேஷம் எனக்கு வேண்டாம்."

"வேற ஆளைப் போட்டுடுவேன்."

"போடுங்க. சென்ட்ரல் அவென்யூல யாரை வேணா கேட்டுப் பாருங்க. நான் விட்டதை எடுக்கறவன் இருக்கானான்னு பாப்போம்."

 க்ரீவின் நாற்காலி கிறீச்சிட்டது. "சரி, பாலிஷ்காரனே கிடையாது. எழுதினதைக் கிழிச்சிடறேன். லாரிமர் தனியா ஆடட்டும். நீ சொல்லிக் கொடுக்கற வேலையை மட்டும் பாரு. அதுக்காவது சரின்னு சொல்வியா, இல்ல அதுக்கும் உங்க அம்மாகிட்ட எழுதிக் கேக்கணுமா?"

"அதுக்குச் சரி சார்."

வெளியே வந்தவரை வாசல் வரை விடவில்லை நான். "உனக்குப் பைத்தியம்! கையில வந்ததை விட்டுட்டு வர்றியே. வெட்டினா வெட்டட்டும், இங்கேயும் நியூயார்க்லயும் ஓடும்ல?"

"எங்க அம்மா நியூயார்க்ல இல்லையே, டெல்லா."

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்து, நான் அடுப்பில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று, "அந்தக் கிழவி என்ன சொன்னா? திரும்பச் சொல்லு," என்றார்.

"எந்தக் கிழவி?"

"கத்தரிக்காரி."

ரெண்டே வெட்டு என்று அவள் சொன்னதைச் சொன்னேன். எழுந்தார். சமையலறைத் தரையில் எட்டுத் தாளச் சுற்று ஆடினார், வெறும் செருப்போடு. எட்டாவது சுற்றின் முடிவில் சட்டென்று நின்றுவிட்டார். நான் முதுகு திருப்பித்தான் நின்றிருந்தேன். என்னையறியாமல் கையிலிருந்த கரண்டி பாத்திர விளிம்பில் பதில் தட்டியது. எட்டுச் சுற்று முடியும் வரை நிறுத்த முடியவில்லை.

அவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். "பாத்தியா? உன்னால சும்மா இருக்க முடியல."

யாராலும் முடியாது. எங்கள் சபையில் போதகர் ஒரு வார்த்தை சொன்னால் பெஞ்சுகளிலிருந்து பதில் வரும். கிளப்புகளின் பின்னறையில் ஒருவர் எட்டுச் சுற்று ஆடினால் அடுத்தவர் எட்டுச் சுற்றில் பதில் சொல்ல வேண்டும். அதுவரை வாத்தியங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும். பதில் வராவிட்டால், கேள்வி கேட்டவன் நடுத்தெருவில் கைநீட்டி நிற்பவனைப் போல ஆகிவிடுவான்.

லாரிமருக்கு ஹோசியா கற்றுக்கொடுத்தது முழு ஆட்டமல்ல. பாதி. எட்டுச் சுற்று அவன் ஆடுவான், நிற்பான். எட்டுச் சுற்று ஹோசியா ஆடுவார். மறுபடி அவன்.

ஒத்திகை மூன்று வாரம் நடந்தது. அந்த ஒத்திகைக் கூடத்தைக் கூட்டும் முறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். லாரிமர் மோசமான பையன் அல்ல. கதவு சாத்தியிருந்தால் ஹோசியாவை 'வாங்க, போங்க' என்பான். கதவு திறந்தால் 'வா, போ' ஆகிவிடும். ஒரு நாள் கேட்டான்:

"இந்த நடுவுல நிக்கறப்போ நான் என்ன பண்ணணும்ங்க?"

"கேளு தம்பி."

"என்ன கேக்கணும்?"

"கேள்வி கேக்கச் சொல்லலை. காதால கேளு. பதில் வருதுல்ல?"

அவன் ஹோசியாவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நடன இயக்குநர் மிஸ் காட்வெல் பத்து முறையாவது வந்து பார்த்திருப்பார். "பிரமாதம், டெட்! பிரமாதம்!" என்பார். ஹோசியாவைப் பார்த்து, "உன் இடது குதிகால் ஒரு மயிரிழை தாமதமா விழுது, கவனிச்சியா?" என்பார்.

"கவனிச்சிருக்கேன் மிஸ். ஒன்பது வயசுலேர்ந்து."

ஒன்பது வயதில் பஞ்சாலைக் கூரையிலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்தது. டாக்டர் இல்லாத ஊர். பெட்டிப் பலகையையும் கிழிந்த படுக்கை விரிப்பையும் வைத்து அம்மாதான் கட்டினார். அன்றிலிருந்து அந்தக் கால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தரையில் விழும். பின்வாசல் படியில் அவர் ஏறும்போதே, அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமல், "ஹோசியா, காலைத் துடைச்சிட்டு வா," என்பாராம் அம்மா.

இசையமைப்பாளரும் வந்து பார்த்தார். எங்கெங்கே வாத்தியங்கள் ஓய வேண்டும், எங்கே காலடி மட்டும் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு போனார். நாற்பது பேர் வாசித்து ஒலிப்பதிவும் முடிந்தது. இத்தனை பேர் பார்த்தார்கள். இரண்டு பேர் ஆடினார்கள், ஒருவரைத்தான் எண்ணினார்கள். சொல்லிக்கொடுக்க வந்த கறுப்பன் அறையில் இருப்பதும், மூலையில் நாற்காலி இருப்பதும் அவர்களுக்கு ஒன்றுதான். அதை நம்பித்தான் ஹோசியா இறங்கினார்.

சோதனைப் படப்பிடிப்பு நாள் வந்தது. ரயில் நிலையம் மாதிரி போட்ட அரங்கு. விளக்குகள். தயாரிப்பாளர் மிஸ்டர் ஆஸ்ட்ரோ தன் நாற்காலியில். பக்கத்தில் க்ரீவ், மிஸ் காட்வெல். ஹோசியா விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே, கேமராவுக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வாளியோடு தூணோரம்.

பாட்டு ஒலித்தது. லாரிமர் ஆடினான். அழகாகவே ஆடினான். எட்டாவது சுற்று முடிந்தது. ஒரு காலை முன்னே வைத்து, தலையைச் சாய்த்து, கற்றுக்கொடுத்தபடியே நின்றான். வாத்தியங்கள் ஓய்ந்தன.

ஒன்றும் நடக்கவில்லை.

எட்டுச் சுற்று மௌனம் எவ்வளவு நீளம் என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். எனக்குக் கால் துடித்தது. துடைப்பக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு வாத்தியங்கள் மறுபடி ஆரம்பித்தன, லாரிமர் ஆடினான், மறுபடி நின்றான்.

"நிறுத்துங்க!" என்றார் ஆஸ்ட்ரோ. "இவன் ஏன் பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி நிக்கறான்?"

மிஸ் காட்வெல்லின் முகம் வெளுத்துப்போனது. "ஒத்திகையில இப்படி இல்லையே... நடுவுல இன்னும் ஏதோ இருந்துச்சே..."

"என்ன இருந்துச்சு?"

 எல்லாரும் மெல்லத் திரும்பி இருட்டைப் பார்த்தார்கள்.

க்ரீவுக்குத்தான் முதலில் உறைத்தது. "ஏய்! நீ ஏன் ஆடலை?"

"நான் படத்துல இல்லையே சார். நீங்கதான் கிழிச்சுப் போட்டீங்க."

"விளையாடறியா? அந்த இடத்தையும் பையனுக்குச் சொல்லிக் கொடு!"

"சொல்லிக் கொடுக்கறேன். தனக்குத் தானே பதில் சொல்லிக்கிட்டு நிக்கறவனைப் பாத்தா ஊர்ல என்ன நினைப்பாங்கன்னு மட்டும் யோசிச்சுக்கங்க."

லாரிமர் முயன்று பார்த்தான். இரண்டு சுற்று ஓட்டினான், மூச்சு வாங்கியது, கால் பின்னியது. குழு நடனக்காரன் ஒருவனை இழுத்து வந்து நிறுத்தினார்கள். அவன் தட்டியது பதிலாக இல்லை. கேள்வியையே திருப்பிச் சொன்னான். ஆஸ்ட்ரோ மணிக்கட்டைப் பார்த்தார். நாற்பது பேரைத் திரும்பவும் கூட்டி வாசிக்க வைப்பது நடக்காத காரியம், படம் தொடங்க ஆறு நாள்தான்.

அப்போது லாரிமர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்துச் சொன்னான்: "ஹோசியா, நீங்களே வாங்க."

எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. 'நீங்க' என்றான். அது துணிச்சலா, தவிப்பா, எனக்குத் தெரியாது. தவிப்பாகவே இருக்கட்டும். அந்தத் தவிப்பை அவனுக்குக் கட்டித் தந்தது என் கணவர்.

ஹோசியா நகரவில்லை. "எந்த வேஷத்துல சார்?" என்று க்ரீவைக் கேட்டார்.

"பாலிஷ்காரன்," என்றார் க்ரீவ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இவர் கூடவேவா?"

"அவன் கூடவே. ஒரே சட்டகத்துல. போதுமா?"

"இன்னொண்ணு. காலடிச் சத்தத்தை அப்புறம்தானே தனியாப் பதிவு பண்ணுவீங்க? என் காலுக்கு என் காலே வேணும். சுத்தமா தட்டறவன்னு வேற யாரையும் கூப்பிடக் கூடாது. எழுதிக் கொடுங்க."

"காலைப் போய் யாருய்யா கேக்கப்போறாங்க? எழுதித் தர்றேன், வந்து தொலை!"

அவர் வெளிச்சத்துக்குள் நடந்து போனார். இடது குதிகால் ஒரு மயிரிழை தாமதமாக விழுந்தது. அன்று எட்டுக்கு எட்டு, ஆறு முறை பதில் சொன்னார். ஆஸ்ட்ரோ நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். தான் தட்டுவது அவருக்கே தெரிந்திருக்காது.

படம் முடிந்துவிட்டதென்று நாங்கள் சந்தோஷமாக இருந்த வாரத்தில்தான் அது நடந்தது. லாரிமரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க முகத்தை நெருக்கமாக எடுத்தார்கள். ஆடவில்லை, பேசவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்பது போல. வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. வெட்டும் அறையைக் கூட்டுகிற எனக்கு விளங்கியது. மிசஸ் ஃபேயிடம் ஓடினேன்.

"ஆமா," என்றாள். "உன் ஆள் வர்ற இடத்துல எல்லாம் அந்த முகத்தை ஒட்டச் சொல்லியிருக்காங்க. தெற்குப் பிரதிக்கு மட்டும்."

 அவள் தன் முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு ஒரு ஃபிலிம் துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். படங்களின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று நெளிந்துகொண்டு ஓடியது.

"இதான் சத்தம். படத்தை மாத்தலாம். இதை நான் தொட்டா பாட்டு நொண்டும், அந்தப் பையனும் நொண்டுவான். தொட முடியாது. தொடவும் மாட்டேன், டெல்லா."

வீட்டில் ஹோசியாவிடம் சொன்னேன். சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இந்தத் தடவையும் அம்மாவுக்கு எழுதப்போறேன்," என்றார்.

"எழுதாதே. மறுபடியும் பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போவாங்க. மறுபடியும் தலைகுனிவு."

"எழுதுவேன். நான் அந்தப் படத்துல இருக்கேன். அவங்க எதை ஒட்டினாலும் இருக்கேன்."

வசந்தத்தில் பதில் வந்தது. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

'மகனுக்கு. போனேன். இந்தத் தடவை பதினோரு பேர். நீ சொன்ன ரயில் நிலையம் வந்துச்சு, உன்னைக் காணோம். அந்த வெள்ளைக்காரப் பையன் மூஞ்சிதான் வந்துச்சு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நம்ம சபை சிஸ்டர் மோஸ்லி தொண்டையைக் கனைச்சா, அவளை உனக்குத் தெரியுமே. அப்பதான் கேட்டுச்சு. டக் டக் டக், கொஞ்சம் பொறுத்து டக். நான் கட்டின கால் எனக்குத் தெரியாதா? எந்திரிச்சு நின்னேன். "பேசாதீங்க எல்லாரும், என் மகன் வர்றான்"னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். கீழே உக்காந்திருந்தவங்களும் திரும்பினாங்க. டார்ச் வச்சிருக்கறவன் வந்து உக்காரச் சொன்னான். பாட்டு முடியட்டும், உக்காரறேன்னேன். முடிஞ்சப்புறம்தான் உக்காந்தேன். ஆறு தடவை பேசினே நீ, எண்ணிட்டேன். அந்தப் பையன் நல்லா வளந்த பையன்தான். நீ பேசறப்போ வாயை மூடிக்கிட்டு கேக்கறான். பாத்தா சொல்லு. நாளைக்கும் போறேன், சிஸ்டர் மோஸ்லி தானாவே வர்றேன்னா.'

ஹோசியா அதை நின்றபடியே படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு பின்கதவைத் திறந்து வெளியே போனார். போனவர் படியேறித் திரும்பி வந்தார். நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தேன். மூன்று காலடி, கொஞ்சம் பொறுத்து ஒன்று.

"ஹோசியா, காலைத் துடைச்சிட்டு வா," என்றேன்.

ஷூக்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். கேட்டுக்கொண்டு யாரும் வர வேண்டாம்.